சுங்கை பஞ்சாங்கும் ஒரு லாகா மீனும்

சென்ற பள்ளி விடுமுறையில் சுங்கை பஞ்சாங்கிலுள்ள என் அண்ணன் வீட்டில் நான்கு நாள் தங்கி வந்தேன். அண்ணன் வேலை செய்த தோட்டம் கை மாறிவிட்டது. தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதானே? மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போக ஏற்பாடு. சாமான் கட்ட உதவலாமென்றுதான் போனேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா ஒரு மீனையே சுற்றி வருகிறது.

கோலசிலாங்கூரில் பஸ் ஏறினால் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார் என்று கடலோரச் சாலை வடக்கே போகிறது. செக்கிஞ்சானை நெருங்கியதும் இருபுறமும் நெல் வயல்கள். செம்பனையையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது ஒரு விருந்துதான். சுங்கை பெசாரில் இறங்கி உள்ளே திரும்பினால் சுங்கை பஞ்சாங். 'நீளமான ஆறு' என்று பொருள். ஆனால் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுவது பாரிட் என்னும் கால்வாய்கள்தாம். ஊர்களுக்குப் பெயர்கூட பாரிட் எண்தான். ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்தவர்களின் வழி வந்த மலாய்க்காரர்கள் அதிகம். தோட்டங்களில் நம்மவர்கள்.

இந்த வயல்களுக்குத் தண்ணீர் வரும் வழியை அறிந்துகொள்வது நல்லது. பெர்ணாம் ஆற்றிலே தடுத்து, சதுப்புக் காட்டின் வழியே வெட்டிய கால்வாயில் தெங்கி ஆற்றுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து பெரிய கால்வாயில் விடுகிறார்கள். 1930-களில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வேலை. வயலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சதுப்புக் காடு ராஜா மூசா, சுங்கை காராங் என்ற இரு வனங்கள் சேர்ந்தது. அங்கே இலையும் கட்டையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் குவிந்து, தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. நாக்கில் வைத்தால் புளிக்கும் என்பார் அண்ணன். அவர் வைத்துப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகன் ஓடி வந்தான். நான்காம் ஆண்டு படிக்கிறான்.

"அத்தை, என் லாகாவைப் பாருங்க!"

சன்னலோரத்தில் ஒரு மைலோ போத்தல். அதற்குள் கருநீல நிறத்தில் குட்டை வாலுடைய ஒரு சண்டை மீன். பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கினானாம். கடைகளில் தாவணி போல் நீண்ட செதிள்வால் விரித்து நிற்கிறதே, அது அலங்காரத்துக்காக வளர்த்த வகை. வால் கனத்தால் நீந்தவே களைத்துப் போகும். எதிலாவது பட்டால் கிழியும். குட்டை வால் மீன்தான் பழைய வடிவம். சயாம்காரர்கள் இதைப் 'பிளாகாட்' என்கிறார்கள். கடிக்கும் மீன் என்று அர்த்தம். பந்தயச் சண்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. 'பெட்டா' என்ற அறிவியல் பெயரோ ஜாவா மக்களின் பேச்சிலிருந்து 1850-இல் ஒரு டச்சு அறிஞர் எடுத்தது. ஜாவாவில் கிளம்பிய பெயர் உலகைச் சுற்றி இந்த ஊர்ப் பையன்கள் வாயில் மறுபடி வந்திருக்கிறது.

போத்தலில் எப்படி உயிரோடிருக்கிறது என்று கேட்பீர்கள். இதற்குத் தலையில், செவுளுக்கு மேலே, காற்றை வாங்கும் உறுப்பு ஒன்று உண்டு. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். அதனால்தான் கடைக்காரர் போத்தலில் அடைத்து விற்க முடிகிறது. சாகாமல் இருப்பது வேறு, வாழ்வது வேறு. அண்ணியிடம் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று சாக்குக்கடியில் கிடந்தது. பதினைந்து லிட்டர் பிடிக்கும். கழுவி எடுத்தோம். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோம், குளோரின் போகட்டும் என்று. குளோரின் நீக்கும் மருந்து கடையில் கிடைக்கும், அது இன்னும் நம்பிக்கையானது. காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைப் போட்டோம். விளிம்புவரை நிரப்பாமல் நாலு விரல் விட்டு, மேலே வலை மூடி வைத்தோம். இது குதிக்கும் மீன். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அது தெரியும்.

தீனி காலை மாலை மூன்று நான்கு உருண்டை போதும். பிள்ளைகள் கொசுப்புழு போடுவார்கள், மீனுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் புழுவுக்காகவென்று தோம்பில் தண்ணீர் தேக்கி வைத்தால் டிங்கி வரும். சுகாதார இலாகாவின் தண்டமும் வரும். வாரம் ஒரு முறை தொட்டியில் கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் சரி. இரண்டு ஆண் மீன்களை மட்டும் ஒன்றாக விடவே கூடாது.

இரவு சாப்பிடும்போது மருமகன் ஒரு கதை சொன்னான். போன வருடம் அண்ணன் காட்டோரக் கறுப்புத் தண்ணீரிலிருந்து ஒரு குட்டி மீன் பிடித்துக் கொடுத்தாராம். விரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் சிவப்பு, விலாவில் பச்சையாக ஒரு பொட்டு. மங்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றி விட்டான். மறுநாள் செத்துக் கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பெட்டா லிவிடா' என்று 1992-இல் இரு அறிஞர்கள் பெயரிட்ட மீனின் அடையாளம் அதுதான். நம் சிலாங்கூர்ச் சதுப்பை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. புளித்த கறுப்புத் தண்ணீரில் பிறந்ததற்குக் குழாய்த் தண்ணீர் விஷம். பையனைக் கோபித்து என்ன பயன்? சதுப்பில் வடிகால் வெட்ட வெட்ட நிலம் காய்கிறது, வறட்சியில் தீப்பிடிக்கிறது. அந்த வடிகால் வெட்டிய நிலத்துச் செம்பனையில்தான் அண்ணனும் குலை வெட்டினார். நாங்கள் சாப்பிட்ட சோறும் அதில் வந்ததுதான். அண்ணன் ஒன்றும் பேசாமல் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் மருமகன் மெல்லக் கேட்டான்.

"அத்தை, சித்தி வீட்டில இடமில்லையாம். லாகாவைப் பாரிட்டில விட்டுடவா? பாவம், நல்லா இருக்கட்டும்."

வேண்டாம் என்றேன். கடை மீன் வயல் வாய்க்காலில் பிழைத்தால் அங்குள்ள நம் சொந்த லாகாவோடு கூடிக் கலந்துவிடும். பிறகு அசல் எது என்று யாருக்கும் தெரியாது. பிழைக்காவிட்டால் விறால் வாயில் போகும். இதைச் சொன்னதும் பையன் முகம் வாடியது. வீடு போகிறது, பள்ளிக்கூடம் போகிறது, மீனுமா?

"அத்தை வச்சிருக்கேன்டா. உன் மீன்தான்."

மறுபடி மைலோ போத்தல். பாதித் தண்ணீர், பாதிக் காற்று, மூடியில் ஆணியால் நான்கு ஓட்டை. தொட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் மோட்டார் சைக்கிளில் சுங்கை பெசார் வரை கொண்டு வந்து விட்டார். பஸ் ஏறும்போது, "கிள்ளான் வந்தா பாத்துக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். செக்கிஞ்சான் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மடியிலிருந்த போத்தலில் மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயிற்று.

இப்போது அது என் வகுப்பறை மூலையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் மருமகன் தொலைபேசியில் கூப்பிடுகிறான். அத்தை எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்பதில்லை. "தின்னுச்சா அத்தை?" என்பதுதான் முதல் பேச்சு.