உப்பளத்து வெயிலும் ஆலயத்துக் கண்ணாடியும்

இரும்பையில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு, செம்மண் பாதையைக் கடந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி மரக்காணம் சென்றோம். சித்திரை மாதம், காலை பத்து மணி. வானத்து வெயில் ஒருபுறம் காய, பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பின் வெண்மை மறுபுறம் காய்ந்தது. கண்ணைத் திறந்து நிற்க நம்மால் இயலவில்லை.

உப்புக் கூடையுடன் வரப்பில் வந்த அம்மாள் ஒருவர் நம்மைக் கண்டு நின்றார். முந்தின ஞாயிறு மலைப்பொழிவைப் பற்றிப் பிரசங்கித்தபோது, உப்பைச் சுருக்கமாகவும் ஒளியை வெகு விரிவாகவும் புகழ்ந்திருந்தோம். அவர் மறக்கவில்லை.

"சாமி, வெளிச்சந்தான் எங்க கண்ணைத் தின்னுது. கொஞ்சம் நிழல் கேட்டு வேண்டிக்குங்க" என்றார்.

சிவந்து நீர் வழிந்த அக்கண்களின்முன் நமக்கு மறுமொழி எழவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் புதுச்சேரி திருஇருதய ஆண்டவர் ஆலயத்தில் அமர்ந்தோம். 1907-ல் மந்திரிக்கப்பட்டு, 2011-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கோத்திக் ஆலயம் அது. திருஇருதய பக்தியில் சிறந்த 28 புனிதர்கள் அதன் வண்ணக் கண்ணாடிகளில் விளங்குகின்றனர். பலமுறை கண்டவையே. ஆயினும் அன்றுதான் ஒன்று புலப்பட்டது. உப்பளத்தில் கண்ணைச் சுட்ட அதே கதிரவன்தான் இங்கும். நீலமும் சிவப்பும் அவன் கடுமையைத் தாம் ஏற்று, கண் தாங்குமளவே உள்ளே விடுகின்றன. (திருவிழாதோறும் சன்னலோரம் சரவிளக்குக் கட்டும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக!)

கரவாஜ்ஜோ என்னும் ஓவியர் 1599-1600-ல் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' ரோமை நகரில், பிரெஞ்சு மக்களின் புனித லூயிஸ் ஆலயத்தில் உள்ளது. சுங்கக்காரரின் மேசையைச் சுற்றி இருள். சுவரில் ஒரு சன்னல் உண்டு. வெளிச்சமோ அதன் வழியே வரவில்லை. வலப்புறம் நிற்கும் இயேசுவின் தலைக்கு மேலாக, அவர் நீட்டிய கரத்தின் போக்கிலேயே ஒரு கீற்று வந்து, மேசையில் அமர்ந்தோர் முகங்களில் படுகிறது. எஞ்சிய பெரும் பகுதி நிழலே. அந்நிழலைப் பாவத்தின் அடையாளமென்றே இதுகாறும் விளக்கி வந்தோம். இனி அவ்வளவு எளிதில் கூற நா எழாது. கபிரியேல் தூதர் மரியன்னைக்கு அறிவித்ததும் இறைவல்லமையின் நிழலையன்றோ?

அடுத்த ஞாயிறு நம் பிரசங்கத்தை நாமே திருத்திக் கூறினோம். உப்பளத்தோரம் ஓர் ஓலைப் பந்தல் அமைக்கவும் பங்குப் பேரவையில் பேசினோம். மூங்கிலுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. ஓலைதான் இன்னும் வரவேண்டும்.