குப்பையில் புரட்டிய பெயர்

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் என் வயதுக்காரர்களை எடுத்துக்கொண்டால் குப்பன், பிச்சை, மூக்காயி, தவிட்டான் என்று ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. நான் குப்பம்மா. இந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நெடுநாள் கூச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கும்போது என் முறை வருவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கண்டியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பெயரை உரக்கப் படித்துவிட்டு, பத்திரத்தைப் பக்கத்து மேசைக்காரரிடமும் காட்டினார். பெயரை மாற்றியே தீருவது என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தேன்.

அந்த பஸ் தெல்தெனிய தாண்டி மெதமஹநுவர வழியாகத்தான் ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறும். கண்டியின் கடைசி அரசன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது மெதமஹநுவரப் பக்கம்தான். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் என்று 1798இல் முடிசூடும்வரை அவன் பெயர் கண்ணுசாமி. அரசனே மாற்றிக்கொண்டானே என்று எனக்கு அப்போது தைரியமாகக்கூட இருந்தது.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

நான் பிறந்தது 1974இல். மலையகத்தில் அதைப் பஞ்ச வருசம் என்றுதான் இன்றும் சொல்வார்கள். கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கிப்போய், மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகளின் விகிதம் அந்த ஆண்டு தோட்டங்களில் நாட்டின் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு முன்னாலேயே அம்மா இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். இரண்டுக்கும் ஆசை ஆசையாய் நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை அம்மா அன்று ஒரு தடவை சொன்னாள். அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் பிறந்ததும் பக்கத்துக் காம்பராப் பாட்டி என்னைச் சுளகில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற இடத்தில், அடுப்புச் சாம்பல் மேல் மூன்று தரம் புரட்டியிருக்கிறாள். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி அங்கேயே கிடக்கவும் விட்டாளாம். பிறகு அம்மா போய் ஒரு பிடி தவிடு கொடுத்து என்னை வாங்கினாள். கண்ணில் சாம்பல் பட்டு நான் வீறிட்டேனாம். “அழுவுது, அப்ப இருந்துக்கும்” என்றாளாம் பாட்டி. சிலர் தவிட்டுக்கு வாங்கியதைச் சொல்லித் தவிட்டாயி என்பார்கள், மூக்குக் குத்திவிட்டு மூக்கன், மூக்காயி என்பார்கள், பிச்சை எடுத்த பிள்ளையென்று பிச்சை என்பார்கள். எங்கள் வீட்டில் குப்பை என்பதே பெயராக நின்றுவிட்டது. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

“பேரு அழகா இருக்கணும்னு நெனைக்கல. புள்ள இருக்கணும்னுதான் நெனச்சேன்” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் பெயர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வங்காளத்தில் தீன்கோரி, பாஞ்ச்கோரி என்று பெயர்கள் உண்டு. மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் விலைக்கு வாங்கிய பிள்ளைகள் என்று பொருள். மொங்கோலியாவில் பெயரில்லாதவன் என்று அர்த்தப்படும்படி நெர்குய் என்றும், இது அல்ல என்று எனெபிஷ் என்றும் வைக்கிறார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் கோகுமோ என்றால் இனி இது சாகாது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் நோயில் கிடந்த குழந்தைக்கு ஆல்டர், அதாவது கிழவன், என்று பெயரிட்டார்கள். பிள்ளையைத் தேடி வருகிற மரண தூதன் கிழவனைக் கண்டு திரும்பிப் போகட்டும் என்று. மொங்கோலியப் புல்வெளிக்கும் எங்கள் தேயிலை மலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பெயர்களோடு போதும்பொண்ணு, வேண்டாம் போன்ற பெயர்களைச் சேர்த்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுஷா என்ற பெயரைச் சுமந்த 280க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 2011இல் விழா எடுத்துப் புதுப்பெயர் கொடுத்தார்கள். செய்ய வேண்டிய காரியம். அந்தப் பெயர்கள் பிள்ளையிடமே நீ வேண்டாம் என்று சொல்கின்றன. என் பெயர் எமனிடம் மட்டும் அப்படிச் சொன்னது.

நான் பெயரை மாற்றவில்லை. மகளுக்கு அழகான பெயராகவே வைத்தோம். அவள் பிறந்தபோது மருத்துவமாது வீடு தேடி வந்தார், கிளினிக்கில் நிறை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், திரிபோஷா மாவு கொடுத்தார்கள். குப்பம்மாக்களும் பிச்சைகளும் லயங்களில் குறைந்ததற்கு, எனக்குத் தெரிந்தவரை, நாகரிகத்தைவிட இதுதான் காரணம். இப்போது எண் சாத்திரம் பார்த்து ஷ, ஜ, ஹ வரும்படி பெயர் தேடுகிறார்கள். பயமில்லாமல் தேடுகிறார்கள் என்பதே எனக்குச் சந்தோசம்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் கறாராகச் சொல்வேன். பிறந்து 42 நாளைக்குள் பதியுங்கள். பதியும்போது எழுத்தைக் கூட்டிப் பாருங்கள். தோட்டத்துச் செக்ரோலில் குப்பம்மா, அடையாள அட்டையில் குபம்மா, வேறொன்றில் குப்பாமா என்று இருந்தால், முதுகு வளைந்து கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதியை வாங்கவே அலைய வேண்டும். மூவரும் ஒருத்திதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்க எத்தனை கிழவிகள் படியேறியிருக்கிறார்கள்!

பெயரை மாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டால் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம், இந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். சிலர் கேட்டுவிட்டு வந்து மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் வருவதே இல்லை.