எரிக்கின் மாடியில் இருவர்

யாசூ என்ற இருவர் குழுவின் முதல் ஆல்பத்தை எப்போது போட்டாலும் என்னைப் பிடித்து இழுப்பது ஒன்றுதான்: அதில் இருவரும் ஒருவருக்காக ஒருவர் இம்மியும் இறங்கி வருவதில்லை. வின்ஸ் கிளார்க்கின் சின்தசைசர்கள் கறாராகக் கணக்குத் தப்பாமல் ஓடுகின்றன. ஆலிசன் மோயேயின் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து, கரகரத்து, சில இடங்களில் கோபமாகவே வெளியே வருகிறது. குரலுக்காக இயந்திரம் குழையவில்லை. இயந்திரத்துக்காகக் குரலும் அடங்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில்தான் இந்தப் பாட்டுகளின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருவரும் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பேசில்டன்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த குடும்பங்களுக்காக அரசு திட்டமிட்டு எழுப்பிய புதுநகரம் அது. அங்கே தொடங்கிய டிபெஷ் மோட் குழுவில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் கிளார்க். 1981இல் முதல் ஆல்பம் வெளிவந்து பேர் கிடைத்த கையோடு அவர் விலகிவிட்டார். மோயே பங்க், ப்ளூஸ் குழுக்களில் பாடித் திரிந்தவர். ப்ளூஸ் வாசிப்பவர்கள் தேவை என்று மெலடி மேக்கர் இதழில் அவர் விளம்பரம் கொடுக்க, அதைப் பார்த்துக் கூப்பிட்டவர் கிளார்க். தான் எழுதிய ஒரு பாட்டை மாதிரிக்குப் பாடித் தர ஆள் வேண்டும் என்பதுதான் அவர் தேவை. அந்தப் பாட்டு 'ஒன்லி யூ'. மியூட் இசைத்தட்டு நிறுவனத்தின் டேனியல் மில்லர் வெளியிட, பிரிட்டிஷ் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை போனது.

ஒருவரையொருவர் சரியாகத் தெரிந்துகொள்ள நேரமில்லாமலே ஆல்பத்தில் இறங்கிவிட்டார்கள். லண்டனில் பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கிய பிளாக்விங் ஒலிப்பதிவுக்கூடம். அதை நடத்தியவர் ஒலிப்பதிவாளர் எரிக் ராட்கிளிஃப். ஆல்பத்துக்கு 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' (எரிக்கின் மாடியில்) என்று பேர் வந்தது அவரால்தான். 1982 ஆகஸ்டில் வெளிவந்தபோது மோயேக்கு 21 வயது, கிளார்க்குக்கு 22. ஆல்பமும் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

கிளார்க் பயன்படுத்திய கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரோ-ஒன் போன்ற அந்தக் காலச் சின்தசைசர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். விரல்களை அகட்டி நாலைந்து கட்டைகளை ஒன்றாக அழுத்தினாலும் பயனில்லை. சீக்வென்சரில் ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் முன்கூட்டியே பதித்துவைத்து ஓடவிட வேண்டும். ஒரு வரிசையை நாடாவில் பதிவுசெய்து, அதன்மேல் அடுத்த வரிசை, அதன்மேல் இன்னொன்று. இப்படிக் கட்டும்போது தேவையில்லாத ஒரு சுரத்தைக்கூடச் சேர்க்கக் கை வராது. 'ஒன்லி யூ'வின் தொடக்கத்தைக் கவனித்தால் புரியும்: தனித்தனியாக எண்ணிவிடக்கூடிய சின்னச் சின்னச் சுரங்கள், நடுவே நிறைய வெட்டவெளி. அந்த வெளியில்தான் மோயே வந்து நிற்கிறார். நம் கச்சேரிகளில் பாடகர் எவ்வளவு உருகினாலும் சுருதிப்பெட்டி தன் நிலையிலிருந்து அசையாதே, அந்த அசையாமைதானே பாடுகிறவருக்குத் துணிச்சல் தருகிறது! கிளார்க்கின் இயந்திரங்கள் மோயேக்குச் செய்ததும் அதைத்தான்.

அதே 1982இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களுக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. வாத்தியக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம் அது, நியாயமான பயம்தான். ஆனால் இயந்திர இசையில் மனித உணர்ச்சிக்கு இடமில்லை என்று அப்போது பலர் பேசிய பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. 'மிட்நைட்' பாட்டைக் கேளுங்கள். மோயே தானே எழுதியது. பழைய சோல் பாட்டின் ஏக்கம் முழுவதும் அதில் இருக்கிறது. பின்னால் ஒரு மனிதரும் வாசிக்கவில்லை என்பதை மறந்தே போகிறோம்.

எல்லாமே உயர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். பேச்சுத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த 'ஐ பிஃபோர் ஈ எக்செப்ட் ஆஃப்டர் சி' ஒலிச் சோதனையாக மட்டுமே நிற்கிறது. நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனாலும் விற்பனையை மட்டும் நினைத்திருந்தால் அதைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

'சிச்சுவேஷன்' முதலில் 'ஒன்லி யூ' தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு. அமெரிக்க நடனக் கூடங்களில் அது பெரிதாக ஓடியதால் அங்கே வந்த ஆல்பத்தில் சேர்த்தார்கள். யாசூ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்ததால் அங்கே குழுவின் பெயரே 'யாஸ்' ஆயிற்று. அந்தப் பாட்டில் மோயே வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். பிறகு எத்தனையோ பேர் அதை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். 90களில் உலகமே ஆடிய 'மகரேனா'வின் ரீமிக்ஸில் கேட்பதும் அந்தச் சிரிப்புதான். கேட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அது யாருடையது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு மனக்குறைதான்.

1983இல் இரண்டாம் ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தபோது குழுவே இல்லை. கிளார்க் பிறகு ஆண்டி பெல்லுடன் சேர்ந்து இரேஷர் குழுவைத் தொடங்கினார். மோயே தனியாகப் பாடிப் புகழ்பெற்றார். 2008இல் மீண்டும் சேர்ந்து மேடையேறினார்கள். இருவரும் தனித்தனியே செய்த நல்ல வேலைகள் நிறைய உண்டு. ஆனாலும் புதிதாகக் கேட்க வருகிறவர்களை நான் இந்த முதல் ஆல்பத்துக்குத்தான் அனுப்புவேன். அதிலும் 'டோன்ட் கோ'வின் துள்ளலோடு நிறுத்திவிடாமல், கிட்டத்தட்ட பியானோவும் குரலும் மட்டுமாக மெல்ல நகரும் 'வின்டர் கில்ஸ்' வரை கேட்கச் சொல்வேன். அதை எழுதியவரும் மோயேதான். ஆட்டம்போட வைக்கும் பாட்டுக்கென்று பேரெடுத்த குழு, இருபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் கசப்பை எந்த அலங்காரமும் இல்லாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.