போனஸ் வராத வருஷம்

டிசம்பர் 24

அரையாண்டு லீவுக்கு வந்திருக்கும் தங்கை மகன் பரணைக் குடைந்து ஒரு டிவிடியை எடுத்தான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் என்றோ தந்தது: ‘கிறிஸ்மஸ் வித் தி சிம்ப்ஸன்ஸ்’, 2003 வெளியீடு. கூடத்திலிருக்கும் விலை கூடிய பிளேயர் அதை ஏற்கவில்லை. அமெரிக்கத் தட்டுக்கு மண்டல எண் 1, இந்தியாவுக்கு 5. திருத்தணி பஜாரில் வாங்கிய பேர் தெரியாத பிளேயருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. போட்டதும் ஓடியது.

டிசம்பர் 25

தட்டில் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ஐந்தே கதைகள். 1989 முதல் 2001 வரை வந்தவற்றில் பண்டிகைக் கதைகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். நமக்கும் பழக்கம்தான். மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி விற்ற காலத்தில், முருகன் பாட்டுக்குப் பக்கத்தில் கவுண்டமணி–செந்தில் காமெடித் தட்டும் தொங்கும். எந்தப் படம், எந்த வருஷம் என்று யார் கேட்டார்கள்?

முதல் கதை 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பானது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமருக்கு அந்த வருஷம் போனஸ் இல்லை. மனைவி மார்ஜ் சேர்த்த பணமோ, மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கவே போய்விட்டது. விஷயத்தை வீட்டில் மறைத்து, ஹோமர் கடை வளாகத்தில் சாண்டா வேஷம் கட்டுகிறான். கிடைத்த சொற்பத்தை நாய்ப் பந்தயத்தில் தோற்று, கடைசியாக வந்த அந்த நாயையே வீட்டுக்கு அழைத்து வருகிறான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பையன் தமிழில் சொல்ல, அவள் அதைப் பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெலுங்கில் சொன்னாள். நாய் வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

“உங்க தாத்தாவுக்கும் ஒரு தீபாவளிக்கு போனஸ் வரல. தறி ஓனர் கையை விரிச்சிட்டாரு. எங்ககிட்ட சொல்லல. பட்டாசுக் கடையில பத்து நாள் ராத்திரி கணக்கு எழுதினாரு. கூலிக்குப் பதிலா வெடியா வாங்கிட்டு வந்தாரு.”

எனக்கு இது இன்றுதான் தெரியும். ஒரு தீபாவளிக்கு மட்டும் எங்கள் வீட்டில் கார்த்திகை வரைக்கும் வெடி மிஞ்சியது நினைவிருக்கிறது. புதுச்சட்டை இல்லாததைக்கூட நான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 28

இரண்டாவது, ‘மிஸ்டர் ப்ளோ’. ஹோமர் பனி வாரும் வண்டி வாங்கும் கதை. சிரிப்புக்குக் குறைவில்லை, ஆனால் இதில் கிறிஸ்மஸ் எங்கே? பனி பெய்தால் பண்டிகைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மூன்றாவது 1997இல் வந்தது. பார்ட் மரத்தையும் பரிசுகளையும் எரித்துவிட்டு, திருடன் கொண்டுபோனான் என்கிறான். ஊரே இரங்கிப் பணம் கொடுக்கிறது. உண்மை தெரிந்ததும் அதே ஊர் வீட்டுச் சாமானை எல்லாம் அள்ளிப் போகிறது. “சரிதானே” என்றாள் அம்மா. நான்காவது 1999. அதிலும் கைக்குழந்தை மேகி வாயில் அதே ரப்பர் காம்பு.

“பத்து வருஷமாச்சுன்ற, இந்தப் பொண்ணு இன்னுமா அதை விடல?”

தொடர் முழுவதையும் வரிசையாகப் பார்த்திருந்தால் இது உறைத்திருக்காது.

டிசம்பர் 31

ஐந்தாவது பாக்கி. ஹோமரின் மகள் லிசா பௌத்தம் தழுவும் கதை, நடிகர் ரிச்சர்ட் கியர் குரல் கொடுத்தது. அம்மா படித் திருவிழாவுக்குத் திருத்தணி பஸ் ஏறிவிட்டாள்; 365 படிக்கும் பூஜை நடந்து, நள்ளிரவு தரிசனமும் முடிந்து அவள் திரும்ப விடிந்துவிடும். பிளேயரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.