விவேக் நகரில் கோயிலும் திடலும்

பெங்களூர் மாநகரின் தென்கிழக்கே, ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுரத்துக்கும் அருகே, விவேக் நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. அரண்மனையும் பூங்காவும் காண வருவோர் இப்பக்கம் திரும்புவதில்லை. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒரு முறையேனும் காணத்தக்க இடம் இது என்பது நமது கருத்து. எந்த மொழியில் இறைவனை வழிபடுவது? எந்த மாநிலத்தின் அரசியலை நம்முடையதாகக் கொள்வது? விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்புவதா, விளையாட்டுத் திடலுக்கு அனுப்புவதா? இம்மூன்று வினாக்களும் நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றன. விவேக் நகரில் அவை ஒரே தெருவில் சந்திக்கின்றன.

தண்டு வந்த வரலாறு

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து அகற்றி, அல்சூர்ப் பக்கத்தில் பாளையம் அமைத்தனர். படையுடன் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து கொத்தரும் தச்சரும் சமையற்காரரும் வண்டிக்காரரும் வணிகரும் வந்தனர். அவர்களுள் தமிழர் பலர். 'தண்டு' என்று நம் முன்னோர் வழங்கிய அப்பகுதி 1947 ஜூலைத் திங்கள் வரை ஆங்கிலேயரின் நேர் நிருவாகத்தில் இருந்து, பின்னர் மைசூருடன் சேர்ந்தது. 1949இல் பழைய நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. 1973இல் மைசூர் மாநிலம் கருநாடகம் எனப் பெயர் பெற்றது. இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் தண்டுத் தமிழர் வீடு மாறவில்லை. அவர்களைச் சுற்றி ஆட்சியே மாறியது. நேற்று வந்த விருந்தினராகவும் அவர்களைக் கொள்ள இயலாது. மண்ணுக்குரிய மொழியைப் புறக்கணிக்கும் உரிமை உடையவராகவும் கொள்ள இயலாது.

குழந்தை இயேசுவின் கோயில்

விவேக் நகரின் பெயரைப் பிற மாநிலத்தாரும் அறியச் செய்தது குழந்தை இயேசு திருத்தலம். பிராகா நகரத்துக் கார்மேல் சபையாருக்கு 1628இல் ஒரு சீமாட்டி அளித்த சிறு திருவுருவத்திலிருந்து தோன்றிய பக்தி இது. விவேக் நகரின் ரோஜாத் தோட்டப் பகுதியில் 1969ஆம் ஆண்டை ஒட்டி இத்தலம் உருப்பெற்றது. அப்பொழுது பெங்களூர்ப் பேராயராக இருந்தவர் து. சி. லூர்துசாமி. செஞ்சி வட்டாரத்துக் கல்லேரியில் பிறந்த தமிழர். 1985இல் கர்தினாலாக உயர்ந்தவர்.

வியாழக்கிழமை இத்தலத்துக்குரிய நாள். அன்று காலை முதல் இரவு வரை தெருவில் மெழுகுவர்த்திக் கடைகளும் மாலைக் கடைகளும் நிறைந்திருக்கும். நெற்றியில் திருநீறு அணிந்தோரும் முக்காடு இட்டோரும் கிறித்தவரோடு ஒரே வரிசையில் நிற்பதை நாம் கண்டோம். ஆண்டுத் திருவிழா ஜனவரி 14ஆம் நாள். நம் பொங்கலும் அந்நாளிலோ மறுநாளிலோ வருவதால், கரும்பும் மெழுகுவர்த்தியும் ஒரே தெருவில் விலையாவது விவேக் நகருக்கே உரிய காட்சி.

இத்தலத்தில் பல மொழிகளில் பூசை நடைபெறுகிறது. எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டின் பின்னால் நெடிய மனத்தாங்கல் உண்டு. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. அதற்கு முன்னர் பூசை இலத்தீனில் நடந்தது. இலத்தீன் இங்கு எவர்க்கும் தாய்மொழியன்று. ஆகவே எவர்க்கும் வருத்தமில்லை. மக்கள் மொழி வந்ததும், எந்த மக்களின் மொழி என்னும் வினாவும் உடன் வந்தது. மாநிலத் தலைநகரின் கோயில்களிலேயே தம் மொழி பின்னிற்பதா என்று கன்னடக் கத்தோலிக்கர் கேட்டனர். தலைமுறை தலைமுறையாகத் தாம் செபித்துவந்த மொழியை விடுவதா என்று தமிழர் கேட்டனர். இரண்டும் நேர்மையான கேள்விகளே. அதனாலேயே அப்பிணக்கு எளிதில் தீரவில்லை.

ஒரு பெரியவரின் கருத்துகள்

கோயிலுக்கு அருகில் வாழும் பெரியவர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது முழுதும் நாம் உரையாடினோம். வட ஆர்க்காட்டிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவரின் பேரர். ஆலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இளமையில் கல்லூரி அணிக்காகக் கால்பந்து ஆடியவர். நாள்தோறும் செபமாலை சொல்பவர். வெள்ளிக்கிழமை புலால் உண்ணாதவர். சமயத்தில் பழமை பேணும் அவர் அரசியலிலும் விளையாட்டிலும் கொண்டிருந்த கருத்துகள் நம்மை வியப்பில் ஆழ்த்தின.

"பூசை தமிழில்தான் கேட்பேன், ஓட்டுச் சாவடியில் கன்னடத்தில்தான் பேசுவேன்" என்றார் அவர். ஊரில் இருக்கும் கட்சிகளின் கொடியை இங்கே கொண்டுவந்து நடுவது அவருக்கு உடன்பாடன்று. "சாக்கடை இங்கே ஓடுகிறது; அதைச் செப்பனிடுபவர் யார் என்று பார்த்து வாக்களிப்பதே முறை" என்பது அவர் கொள்கை. 1982இல் கோகாக் குழுவின் அறிக்கையை நிறைவேற்றக் கோரிக் கிளர்ச்சி எழுந்தபோது, பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் வேண்டும் என்பதைத் தம் நண்பர்கள் பலர் எதிர்த்தனராம். இவரோ தம் மகனுக்கு அவ்வாண்டே கன்னட எழுத்தைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்தியுள்ளார்.

1991 டிசம்பரைப் பற்றிக் கேட்டோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டதும், உயிர்ச்சேதம் நேர்ந்ததும், ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறியதும் நம்மில் மூத்தோர் அறிந்தவை. 2016 செப்டம்பரிலும் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கதவை அடைத்துக்கொண்டு இருந்தோம். எதிர்வீட்டுக் கன்னட அம்மாள்தான் பால் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் மறக்கவில்லை" என்றார். மேலும் அவர் கூறியது நம் உள்ளத்தில் பதிந்தது: "தஞ்சாவூர் வயல் காய்ந்தால் எனக்கு வருத்தந்தான். ஆனால் என் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரி அல்லவா?"

உண்மையே. ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீர் மேட்டுக்கு ஏற்றப்பட்டுப் பெங்களூருக்கு வருகிறது. அத்திட்டத்தின் முதற்கட்டம் 1974இல் நிறைவேறியது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தேவைக்கு என்றது. அந்நீரைப் பருகுவோருள் தமிழரும் கன்னடரும் உளர். இவ்வூர்த் தமிழன் காவிரி வழக்கில் இரு பக்கமும் நிற்க வேண்டியவனாக இருக்கிறான்.

திடல் தந்த பெருமை

விவேக் நகரை அடுத்துள்ள ஆஸ்டின் டவுனிலும், சற்றுத் தொலைவிலுள்ள மர்பி டவுனிலும் கௌதமபுரத்திலும் கால்பந்து இளைஞரின் உயிர்மூச்சு. கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரேசா ஆகியோருடன் பிரேசில் வீரர் பெலேக்கும் சிலை உண்டு என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பெருமை பழையது. 1937இல் பெங்களூர் முஸ்லிம்கள் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கோப்பையை இந்திய அணி ஒன்று வென்றது அதுவே முதல்முறை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1–2 என்று தோற்றது. இந்திய வீரர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அவ்வாட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன். சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி 1968–69இல் வென்றபின் நெடுங்காலம் வெற்றி வாய்க்கவில்லை. 54 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயத்தை 3–2 என வென்று கருநாடகம் அக்கோப்பையை மீட்டது. அவ்விரவு தமிழ்த் தெருக்களில் கொண்டாடியவர் எவரும், வென்றது எந்த மொழிக்காரரின் மாநிலம் என்று ஆராய்ந்திருக்க மாட்டார்.

ஓய்வு நாளும் ஆட்ட நாளும்

பெரியவருக்கு ஒரு குறை இருந்தது. பேரன் கல்லூரி அணிக்குத் தேர்வாகியுள்ளான். ஆட்டங்களோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில். பூசையை விட்டுப் பந்தாடுவதா? "எங்கள் காலத்தில் கல்லூரி அணி என்றால் மாணவர் அணி. இப்பொழுது வகுப்புக்கு வாராதவனும் அணியில் இருக்கிறான்" என்று கடிந்துகொண்டார்.

அவருடன் பேசுகையில் யூதர்களை நினைத்துக்கொண்டோம். பெங்களூருக்கும் அவர்கள் புதியவரல்லர். மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் 1904இல் தொடங்கிய அவர்களது கல்லறைத் தோட்டம் மைசூர்ச் சாலையில் உள்ளது. ஆசார யூதருக்கு வெள்ளி மாலை கதிர் மறைந்தது முதல் சனி இரவு வரை ஓய்வு நாள். வேலையும் இல்லை, போட்டியும் இல்லை. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியினர் தலையில் சமயத் தொப்பி அணிந்து ஆடுபவர். ஓய்வு நாளில் ஆடாதவர். அந்த அணி 2019 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை தொடர்ந்து 50 ஆட்டங்களில் வென்றது. ஓய்வு நாளை விட்டுக்கொடுத்துப் பெற்ற வெற்றி ஒன்றும் அதில் இல்லை. 1965இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் சாண்டி கோஃபாக்ஸ், யூதரின் பாவக் கழுவாய் நாள் என்பதற்காக, இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆட மறுத்தார். அவர் பெரும் பக்திமான் எனப் பெயர் பெற்றவரல்லர். அவ்வாட்டத்தில் அவர் அணி தோற்றது. ஆயினும் ஏழாம் ஆட்டத்தில் அவரே பந்தெறிந்து கோப்பையை வென்று தந்தார்.

கொள்கையை மறைக்காதவனை ஆடுகளம் வெறுப்பதில்லை என்பதே இவற்றால் நாம் அறிவது. பேரனுக்கும் வழி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்குகொண்டால் ஞாயிற்றுக் கடன் நிறைவேறியதாகத் திருச்சபை கொள்கிறது. மாலையில் நாள் தொடங்குவதாகக் கொள்ளும் யூத வழக்கின் எச்சமே அது. பெரியவர் அரை மனத்துடன் இசைந்துள்ளார்.

தீராத குறை வேறொன்று. கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் அப்பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வாராது. தாத்தாவின் செபப் புத்தகம் அவனுக்கு வெறுந்தாள்தான். கோயிலில் தமிழ்ப் பூசைக்காகப் போராடிய தலைமுறை, வீட்டில் தமிழெழுத்தைக் கற்பிக்கத் தவறிவிட்டால் நாளை அப்பூசையைக் கேட்போர் யார்? பெரியவர் இவ்வினாவைக் கேட்கவில்லை. பெயர்த்துத் தைத்த அப்புத்தகத்தைக் காட்டினார், அவ்வளவே.

நமக்குத் தோன்றுவது இது. மொழி வகுப்பை ஞாயிறு காலையில் வைக்கும் வழக்கத்தை நம் சங்கத்தார் மாற்றிக்கொள்ளலாம். கோயிலோடும் திடலோடும் போட்டியிட்டால் வகுப்பே தோற்கும். வாரநாள் மாலையில் ஒரு மணி நேரம் போதும். அக்கம்பக்கத்துக் கன்னடப் பெற்றோர் விரும்பினால் அவர் பிள்ளைகளும் வரட்டும். நம் பிள்ளைகள் கன்னடத்தைப் பழுதறக் கற்கட்டும்.

விவேக் நகர் காண விரும்புவோர் மகாத்மா காந்தி சாலையிலிருந்து ஆட்டோவில் எளிதாகச் சேரலாம். வியாழக்கிழமை சென்றால் கோயிலைக் காணலாம். ஞாயிறு காலை சென்றால் ஆஸ்டின் டவுன்ப் பக்கம் பந்தாட்டத்தையும் காணலாம். பிள்ளைகளை உடனழைத்துச் செல்லுங்கள். கடைகளின் பெயர்ப்பலகைகளில் உள்ள கன்னடத்தை அவர்கள் படித்துக் காட்டட்டும். கோயிலில் உள்ள தமிழை நீங்கள் படித்துக் காட்டுங்கள்.