மாத்திரையை நிறுத்திய கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆணி அதிகம்னு வழக்கமா விடுற புருடா இல்லீங்க, நிஜமாவே உடம்பு சரியில்லை.

பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு உடைஞ்சு மாவுக்கட்டு. மூணாவது வாரம் பாத்ரூம் வரை போய் வந்தாலே மூச்சு வாங்கியது. அம்மா "வாயுடா" என்று ஓமத்தண்ணி கொடுத்தார், நானும் குடித்தேன். மறுநாள் சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்தது, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. பல்மனரி எம்பாலிசம். அந்த ஆஸ்பத்திரிக் கதை இன்னொரு நாள்.

வெளியே அனுப்பும்போது ரிவராக்சபான் கொடுத்தார்கள். முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் தினம் 20, சாப்பாட்டோடு. மாத்திரைதான் கட்டியைக் கரைக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லையாம். அது கட்டி வளராம பாத்துக்கும், கரைக்கிறது நம்ம உடம்பேதான். ஷேவ் பண்ணும்போது கீறினால் ரத்தம் லேசில் நிற்காது. வலிக்கு இபுப்ரோஃபென் தொடக் கூடாது. திட்டிக்கொண்டே போட்டேன்.

மூணு மாசம் கழித்து டாக்டர் "நிறுத்திடலாம்" என்றார். சந்தோஷம் வரணுமில்ல? வயித்தைக் கலக்கியது. "இன்னும் ஆறு மாசம் போட்டுக்கறேனே சார்" என்று கெஞ்சினேன். ஓடிக்கிட்டிருக்கிற கோடில் கை வைக்காதே என்பது பொட்டி தட்டுறவன் ரத்தத்தில் ஊறிய விஷயமாச்சே.

அவர் பொறுமையா சொன்னார். "உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியும். உடைஞ்ச கால், அசையாம கிடந்தது. அந்தக் காரணம் போயாச்சு. காரணமே தெரியாம வந்தவங்க நிறுத்தினா, முதல் வருஷத்துலயே நூத்துல பத்து பேருக்குத் திரும்ப வருது. அவங்கள்ல நிறைய பேரைத் தொடரச் சொல்வோம், ஆறு மாசத்துக்கு அப்புறம் டோஸைக் குறைச்சாவது. உங்களுக்கு அந்த ரிஸ்க் ரொம்பக் கம்மி. ஆனா மாத்திரை போடற வரைக்கும் வயித்துலயோ மூளையிலயோ ரத்தம் கசியற ரிஸ்க் இருந்துக்கிட்டே இருக்கும்."

அப்புறம் மாடிப்படி ஏறச் சொன்னார். சிலருக்குக் கட்டி முழுசா கரையாமல் தழும்பு மாதிரி தங்கி, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிடுமாம். மூச்சு வாங்கினால் எக்கோ எடுக்கணும். எனக்கு வாங்கவில்லை.

வீட்டில் அட்டையில் நாலு மாத்திரை மீதி. "காசு கொடுத்து வாங்கினதுதானே, போட்டு முடிச்சிடேன்டா" என்றார் அம்மா.

பதினோராம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்காலில் சுரீர். அப்பாவை எழுப்பி எமர்ஜென்சிக்கு ஓடினேன். டாப்ளரில் ஒன்றுமில்லை, வெறும் சதைப்பிடிப்பு. அசடு வழிந்தேன். டூட்டி டாக்டர் சிரிக்கவில்லை. "வந்தது சரிதான். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ இதே மாதிரி வந்துடுங்க" என்றார்.

இனி ஆபரேஷன், மாவுக்கட்டு எதுவானாலும் முன்னாடியே இதைச் சொல்லணுமாம். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கேன். பைக்கை வித்தாச்சு. அது அம்மா தீர்ப்பு, அப்பீல் கிடையாது.

டிஸ்கி: இது என் கால், என் கதை. இதைப் படிச்சிட்டு உங்க டாக்டரைக் கேக்காம மாத்திரையில கை வைக்காதீங்க, சாமிகளா.