உறைந்த தோளும் அரைப்பேரும்

வலக்கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுத முடியாது போனபோதுதான், தோள் என்றோர் உறுப்பு நமக்கு இருப்பதையே உணர்ந்தோம். சட்டை அணிவதும் தலைவாருவதும் பெரும்பாடாயின. இரவில் அப்பக்கம் புரண்டால் வலி உயிரைப் பிடுங்கிற்று.

முதலில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குச் சென்றோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, துளைவழிச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி என்றார்கள். கேட்ட தொகையோ நமது ஆறு மாதச் சம்பளம். ஆசிரியத் தொழில் புனிதமானது என்று மேடைகளிலே முழங்குகிறார்கள். அந்தப் புனிதத்துக்குக் கட்டணச் சிட்டையில் கழிவு ஏதும் இல்லை.

அரசாங்க வைத்தியசாலையின் வைத்தியர் ஆறுதலாக விளக்கினார். மூட்டைச் சூழ்ந்த உறை அழற்சியுற்று, தடித்துச் சுருங்குவதே இந்நோய். அமெரிக்க வைத்தியரான கொட்மன் 1934இல் இதற்கு 'உறைந்த தோள்' எனப் பெயரிட்டார். நம்மைப் போன்ற நீரிழிவுக்காரரையே இது அதிகம் பிடிக்கும். பெரிய வெட்டின்றிச் செய்யக்கூடிய சிகிச்சைகள் பல உண்டு: மூட்டினுள் ஸ்டீரொயிட் ஊசி, உப்புநீரைச் செலுத்தி உறையை விரித்தல், மயக்கத்தில் ஆழ்த்திக் கையை அசைத்து இறுக்கத்தைத் தளர்த்தல், சிறு துளைகளினூடே கருவியைச் செலுத்தி உறையை அறுத்துவிடுதல். 2020இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, ஊசியோடு கூடிய பயிற்சியையும் கடைசி இரண்டு முறைகளையும் 503 நோயாளரிடம் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில், எதுவும் மற்றவற்றிலும் தெளிவாக மேம்பட்டதாய்க் காணப்படவில்லை. அவ்வாறாயின் அந்த 'ஒன்றே வழி' எங்கிருந்து முளைத்தது?

நமக்கு ஊசியும் பயிற்சியும் கிடைத்தன. ஊசியால் சில நாள் இரத்தச் சீனி ஏறிற்று, பின்னர் இறங்கிவிட்டது.

வரிசையில் நமக்கு முன்னால் ஒரு தோட்டத்து அம்மா. ஐம்பது வயதிருக்கும். கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறியும் அந்த வீச்சையே நோய் பறித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் அதே ஊசி, அதே பயிற்சி, சதமும் செலவில்லை. வீட்டிலே தினமும் சுவரில் விரல்களை மேலேற்றிப் பழக வேண்டும், கிழமைக்கொரு தடவை கிளினிக்குக்கு வரவேண்டும் என்றார்கள்.

"ஊசி நல்லாத்தான் கேக்குது ஐயா. இங்க வர்ற அன்னைக்குப் பேரு இல்ல. மத்த நாளு கொழுந்து கொறைஞ்சா அரைப்பேரு. பஸ் காசு வேற," என்றார்.

மருந்தை இலவசமாகத் தரும் நாட்டிலே, அது பலிப்பதற்கு வேண்டிய நாட்களை இந்த அம்மாவுக்குத் தருபவர் யார்? கிளினிக் நாளுக்கும் முழுப்பேர் போடு என்று தொழிற்சங்கங்கள் கேட்டால் என்ன?

நமக்குச் சுகவீன லீவு இருந்தது, சம்பளம் குறையவில்லை. ஆறாம் மாதம் கரும்பலகையின் மேல்வரியை எட்டினோம். அந்த அம்மாவை மூன்றாம் கிழமைக்குப் பின் வரிசையிலே காணவில்லை.